பிராங்க்ளினின் பொற்சிமிழ்: ஒரு சட்ட விதியின் பிறப்பும் ஒரு குடும்பச் சொத்தின் தேய்வும்

1788 ஜூன் மாதம். விர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில், புதிதாக எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தை ஏற்பதா தள்ளுவதா என்று ஒரு மாநாடு கூடி வாதாடிக்கொண்டிருந்தது. விதி விதியாக எடுத்து அலசினார்கள். அரசுப் பதவியில் இருக்கும் எவரும் அயல்நாட்டு மன்னரிடமிருந்து பரிசோ ஊதியமோ பட்டமோ பெறக் கூடாது என்ற விதி வந்தபோது, ஆளுநர் எட்மண்ட் ராண்டால்ஃப் எழுந்தார். உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் இந்தத் தடைக்குக் காரணம் என்றார். நம் நேச நாட்டு மன்னர் நம் தூதருக்கு ஒரு பெட்டியைப் பரிசளித்தார். அந்நியச் செல்வாக்கும் ஊழலும் நுழைந்துவிடாதிருக்க இப்படியொரு விதி தேவை என்று அப்போது தோன்றியது என விளக்கினார்.

தூதர் பெயரை அவர் சொல்லவில்லை. அவையில் இருந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. மன்னர் பிரான்சின் பதினாறாம் லூயி. தூதர் பெஞ்சமின் பிராங்க்ளின். பெட்டி, வைரம் பதித்த பொன் மூக்குப்பொடிச் சிமிழ் என்பதே பின்னால் வந்த வரலாற்று நூல்களில் நிலைத்துவிட்ட பெயர். ஒரு சிமிழிலிருந்து ஒரு சாசன விதி பிறந்தது என்ற கதை சொல்வதற்குச் சுவையானது. அதனாலேயே பலரும் அதைச் சோதிக்காமல் திருப்பிச் சொல்லிவருகிறார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை அப்படியே நிற்பதில்லை. விதியின் எந்தப் பகுதிக்கு அந்தச் சிமிழ் காரணம், எந்தப் பகுதிக்குக் காரணம் அல்ல என்பதையும், பிராங்க்ளின் குடும்பத்தில் அது என்ன ஆனது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மன்னர் முகம் பதித்த பரிசு

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மூக்குப்பொடி வெறும் பழக்கமாக நிற்கவில்லை; மேல்தட்டு மனிதரின் நடை உடையில் ஓர் அங்கமாகிவிட்டது. நம்மூரில் வாழை மட்டையிலும் தகர டப்பியிலும் அடங்கிய பொடி, பாரிசில் பொன்னில் குடியிருந்தது. எனாமல் பூச்சு, ஆமையோடு, யானைத் தந்தத்தில் தீட்டிய நுண்ணோவியம், மூடியின் விளிம்பில் வைரம் என்று பாரிசுப் பொற்கொல்லர்கள் இந்தக் கையகலப் பொருளில் தம் வித்தை முழுவதையும் இறக்கினார்கள். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் இவற்றின் மீது தீராத மோகம் கொண்டவர். அவருக்காகச் செய்யப்பட்ட வைரச் சிமிழ்கள் சிலவற்றை இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காணலாம்.

பிரெஞ்சு அரசவையில் இதற்கு இன்னொரு பயனும் இருந்தது. பதினான்காம் லூயி காலத்திலிருந்தே, மன்னரின் சிறு உருவப்படத்தை வைரங்களால் சூழ்ந்து பரிசாகத் தரும் வழக்கம் வேரூன்றியிருந்தது. பதினான்காம் லூயிக்குப் புகையிலையே பிடிக்காது. எனவே தொடக்கத்தில் அந்த ‘படப்பெட்டி’க்கும் பொடிக்கும் சம்பந்தமில்லை, பிற்காலத்தில்தான் அதே படம் பொடிச்சிமிழின் மூடியில் ஏறியது. பணி முடித்து ஊர் திரும்பும் வெளிநாட்டுத் தூதருக்கு இது கிட்டத்தட்ட மாமூல் மரியாதை. தூதரின் தகுதி, அவருடைய நாட்டின் எடை, நடந்து முடிந்த பேச்சின் பலன் ஆகியவற்றைப் பொறுத்து வைரத்தின் அளவு ஏறும், இறங்கும். எந்தப் பரிசு எவருக்கு எவ்வளவு விலையில் போனது என்று அயலுறவுத் துறை பதிவேடு வைத்திருந்தது.

இதில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு ரகசியம் உண்டு. பரிசு பெற்ற பலர் சிமிழை வைத்துக்கொள்ளவில்லை. நகைக்காரரிடமே விற்றுப் பணமாக்கிக்கொண்டார்கள்; அதே சிமிழ் படம் மாற்றப்பட்டு அடுத்த தூதருக்குப் போனதும் உண்டு. வெளியே மரியாதைச் சின்னம், உள்ளே ரொக்கத்துக்குச் சமம். அரசவை நாகரிகத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தவில்லை. அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், மன்னரே வேண்டாம் என்று போருக்குப் புறப்பட்டவர்களுக்கு உறுத்தியது.

மூன்று சிமிழ்களும் ஒரு குதிரையும்

1778 பிப்ரவரி 6ஆம் நாள் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் நட்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கத் தரப்பில் கையெழுத்திட்டவர்கள் மூவர்: பிராங்க்ளின், சைலஸ் டீன், ஆர்தர் லீ. மூவருமே கடைசியில் லூயியின் படத்தோடுதான் ஊர் திரும்பினார்கள் என்பதை ராண்டால்ஃப் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் திரும்பியவர் டீன். ஒப்பந்தம் முடிந்த கையோடு, காங்கிரஸ் அவை அவரைத் திருப்பி அழைத்திருந்த ஆணை வந்து சேர்ந்தது. கணக்கில் குளறுபடி என்று குற்றச்சாட்டு. 1778 மார்ச்சில் பிரெஞ்சு அயலுறவு அமைச்சர் வெர்ஜென் அவரைப் புகழ்ந்து கடிதம் கொடுத்தார். மன்னர் படம் வைரத்தோடு பதித்த பொற்சிமிழும் வந்தது. டீன் இதைத் தம் நேர்மைக்குச் சான்றாகவே கருதினார். பிரான்சின் மன்னரே மதித்த ஒருவனையா திருடன் என்கிறீர்கள் என்பது அவர் நிலை. மன்னர் தந்த வைரத்தையே காட்டித் தன் கை சுத்தம் என்று நிறுவப் பார்த்த மனிதரைப் பற்றி அவருடைய எதிரிகள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை எளிதில் ஊகிக்கலாம். டீன் பெயர் கெட்டு, வறுமையில் உழன்று, 1789இல் கப்பலிலேயே இறந்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1842இல், அவருடைய கணக்கு மறுபடி பார்க்கப்பட்டு வாரிசுகளுக்கு 37,000 டாலர் வழங்கப்பட்டது.

டீன் மீது குற்றம் சுமத்தியவர்களில் முன்னணியில் இருந்தவர் ஆர்தர் லீ. பிராங்க்ளினையும் அவர் நம்பவில்லை. கண்ணில் பட்டவரையெல்லாம் சந்தேகிப்பது அவர் இயல்பு. அவருக்கும் 1780இல் சிமிழ் வந்தது. லீ அதைத் தாமே காங்கிரஸ் அவையிடம் தெரிவித்தார். வைத்துக்கொள்ளலாம் என்று அவை அனுமதித்தது.

பிராங்க்ளினின் முறை 1785இல். ஒன்பது ஆண்டுக்கு அருகே பிரான்சில் இருந்துவிட்டு, எழுபத்தொன்பது வயதில், கீல்வாதமும் சிறுநீர்க் கல்லும் வாட்ட, ஜூலை 12ஆம் நாள் பாரிசை அடுத்த பாசி என்ற ஊரிலிருந்து புறப்பட்டார். வண்டி குலுங்கினால் வலி தாங்காது என்பதால் அரசியின் பல்லக்கைக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றித் துறைமுகம் வரை அனுப்பினார்கள். மன்னர் தந்த விடைப் பரிசு, அரசவை நுண்ணோவியர் லூயி மரி சிகார்டி தீட்டிய லூயியின் படம். அதைச் சுற்றிலும் வரிசையாக வைரங்கள், மொத்தம் 408. டீனுக்கோ லீக்கோ கிடைத்ததைவிட இது பெரிது.

ஏறத்தாழ அதே சமயத்தில் ஸ்பெயின் மன்னர் ஜான் ஜேக்கு ஒரு குதிரை கொடுத்தார். ஜே அப்போது அமெரிக்காவின் அயலுறவுச் செயலர். மிசிசிப்பி ஆற்றில் கப்பல் விடும் உரிமை குறித்து ஸ்பெயினோடு பேசிக்கொண்டிருந்தவர். ஒருபுறம் உயிரோடு நிற்கும் பேரம், மறுபுறம் உயர்சாதிக் குதிரை. என் கணிப்பில், விதியை எழுதியவர்களைக் கவலைப்பட வைக்கப் பிராங்க்ளினின் சிமிழைவிட இந்தக் குதிரைக்கே தகுதி அதிகம். பிராங்க்ளினுக்குப் பணி முடிந்துவிட்டது, ஜேக்கு முடியவில்லை. ஆனால் குதிரையைப் பற்றி ராண்டால்ஃப் பேசவில்லை. காங்கிரஸ் அவை 1786இல் இரண்டு பரிசுகளையும் வைத்துக்கொள்ள அனுமதித்தது.

தடை முன்னே, சிமிழ் பின்னே

இனி ஆண்டுகளைப் பார்ப்போம். அமெரிக்கா சாசனம் எழுதுவதற்கு முன்பே அதற்கு ஒரு கூட்டாட்சி உடன்படிக்கை இருந்தது. காங்கிரஸ் அவை அதை ஏற்றது 1777 நவம்பர் 15. நடைமுறைக்கு வந்தது 1781 மார்ச் 1. அதன் ஆறாம் பிரிவிலேயே, அரசுப் பதவி வகிக்கும் எவரும் மன்னர், இளவரசர், அயல்நாடு ஆகியவற்றிடமிருந்து பரிசு பெறக் கூடாது என்ற தடை இருக்கிறது. 1777 நவம்பரில் டீன் கையில் சிமிழ் இல்லை. லீ கையில் இல்லை. பிராங்க்ளினுக்கு அது வர இன்னும் எட்டு ஆண்டு கிடந்தது. ஆக, தடைக்குச் சிமிழைத் தாயாக்க வழியில்லை.

தடையின் மூலத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். டச்சுக் குடியரசு 1651இலேயே தன் தூதர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று விதித்திருந்தது. மன்னரில்லாத நாடு என்ற வகையில் டச்சுக்காரர்களின் நடைமுறை அமெரிக்கர்களுக்குத் தெரிந்த முன்மாதிரி. மற்றொரு மூலம் அவர்கள் எதிர்த்துப் போரிட்ட பிரிட்டனிலேயே இருந்தது. அங்கு நம் கதையும் சற்று நுழைகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் இந்திய அரசர்களிடமிருந்து பரிசு என்ற பெயரில் வாரிக் குவித்துக்கொண்டு இங்கிலாந்து திரும்பி நாடாளுமன்ற இடங்களை விலைக்கு வாங்குவது அன்றைய பெரும் முறைகேடு. 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் கம்பெனி அதிகாரிகள் பரிசு பெறுவதைத் தடை செய்தது. ஆனாலும் சென்னையில் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் கடன் விவகாரம் ஊரறிந்த ஊழலாக வளர்ந்தது. எட்மண்ட் பர்க் அதைப் பற்றிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய நீண்ட உரையின் நாள் 1785 பிப்ரவரி 28. பிராங்க்ளின் பாசியில் மூட்டை கட்டுவதற்குச் சில மாதம் முன்பு.

கம்பெனியின் சார்பில் வங்காளத்தை ஆண்ட வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான குற்ற விசாரணை லண்டனில் தொடங்கியது 1788 பிப்ரவரியில். அவர் மீதான புகார்களில் பரிசு வாங்கியதும் ஒன்று. அவருடைய பெயர் பிலடெல்பியாவில் சாசனம் எழுதிய அவையிலேயே ஒலித்தது. பதவிநீக்கத்துக்குரிய குற்றங்கள் எவை என்று 1787 செப்டம்பரில் வாதம் நடந்தபோது ஜார்ஜ் மேசன் ஹேஸ்டிங்சை எடுத்துக்காட்டாகக் கூறினார். ஆக, அயலார் பரிசு குடியரசைக் கெடுக்கும் என்ற அச்சம் அந்தத் தலைமுறைக்குப் பிரெஞ்சுச் சிமிழில் மட்டும் தொற்றியது அல்ல. வங்காளத்துப் பணமும் ஆர்க்காட்டுக் கடன்பத்திரமும் அந்தக் காற்றில் இருந்தன.

அப்படியானால் ராண்டால்ஃப் சொன்னது பொய்யா? அப்படியும் தள்ளிவிட முடியாது. 1787 ஆகஸ்ட் 6ஆம் நாள் வைக்கப்பட்ட முதல் வரைவில் பிரபுப் பட்டங்களுக்குத் தடை இருந்தது; பரிசுத் தடை இல்லை. ஆகஸ்ட் 23இல்தான் தென் கரோலினாவின் சார்ல்ஸ் பிங்க்னி, தூதர்களும் அதிகாரிகளும் வெளிச் செல்வாக்குக்கு ஆட்படாதிருக்க இது வேண்டும் என்று கூறி அதைச் சேர்க்கச் சொன்னார். எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டது. பிராங்க்ளின் அந்த அவையின் உறுப்பினர், வயதில் மூத்தவரும் அவர்தான். சக உறுப்பினர்களுக்கு 408 வைரங்கள் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு யாருக்கும் வந்திருக்கவும் வாய்ப்பில்லை. விட்டுப்போன தடையைத் திரும்பக் கொண்டுவரச் சிமிழ் ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம். ராண்டால்ஃபின் கூற்றில் அவ்வளவு உண்மையை ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் பழைய உடன்படிக்கையையும் புதிய சாசனத்தையும் அருகருகே வைத்தால் கண்ணில் படும் மாற்றம் வேறு. பழைய தடை முழுத் தடை. விலக்கு எதுவும் இல்லை. புதியதில், காங்கிரசின் இசைவு இல்லாமல் பெறக் கூடாது என்று ஒரு வாசல் திறந்துவைக்கப்பட்டிருக்கிறது. இந்த இசைவு எங்கிருந்து வந்தது? லீயின் சிமிழுக்கும், பிராங்க்ளினின் படத்துக்கும், ஜேயின் குதிரைக்கும் அவை தந்த அனுமதிகளிலிருந்து. உடன்படிக்கையின் எழுத்துப்படி அப்படி அனுமதிக்க அவைக்கு இடமே கிடையாது. மன்னரிடம் திருப்பித் தந்தால் நேச நாட்டை அவமதித்ததாகும். பேசாமல் வாங்கிக்கொண்டால் விதி செத்துவிடும். அவையின் முன் வைத்துக் கேட்டுப் பெறுவது என்ற இடைவழி நடைமுறையில் உருவானது. சாசனம் அதை எழுத்தாக்கியது. சிமிழ் உண்டாக்கியது தடையை அல்ல, தடைக்குள் இருக்கும் விலக்கை. ராண்டால்ஃப் காரணத்தைத் தலைகீழாக்கிவிட்டார் என்றே கொள்கிறேன். (இதே ராண்டால்ஃப், 1795இல் அயலுறவுச் செயலராக இருந்தபோது, பிரெஞ்சுத் தூதரிடம் பணம் கேட்டதாகக் குற்றம்சாட்டப்பட்டுப் பதவி விலக நேர்ந்தது.)

சிமிழா, படமா?

பிராங்க்ளின் வாழ்நாளில் மூக்குப்பொடி போட்டதில்லை. புகைத்ததும் இல்லை, மென்றதும் இல்லை. புகையிலைப் பழக்கத்தைக் கண்டித்து எழுதிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ் இதைப் பதிவு செய்திருக்கிறார்: இறப்பதற்குச் சில மாதம் முன்பு பிராங்க்ளின் நண்பர் ஒருவரிடம், புகையிலை போடும் எவரும் என்னையும் போடச் சொல்லி அறிவுரை கூறியதில்லையே, அதனால் அதில் பெரிய நன்மை இருக்க முடியாது என்று கூறினாராம்.

சிமிழோடு அவருக்கு இருந்த உறவு வேறு வகை. பிரான்சில் அவருடைய முகமே சிமிழ் மூடிகளில் ஏறியிருந்தது. வெள்ளைப் பொய்முடி அணியாமல், மென்மயிர்த் தொப்பியும் எளிய உடையுமாகப் பாரிசில் நடமாடிய கிழவர் மீது பிரெஞ்சுக்காரர்களுக்குப் பித்து. 1779 ஜூனில் மகளுக்கு எழுதிய கடிதத்தில், களிமண் பதக்கங்களாகவும் பொடிச்சிமிழ் மூடிகளாகவும் மோதிரக் கற்களாகவும் தம் முகம் பரவி, நிலாவைப்போல எல்லாருக்கும் தெரிந்த முகமாகிவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்கிறார்.

மன்னர் தந்த பொருளைப் பிராங்க்ளின் தம் உயிலில் சிமிழ் என்று எழுதவில்லை. பிரான்சு மன்னரின் படம் என்றே எழுதினார். இன்று எஞ்சியிருப்பதும் சட்டமிட்ட ஒரு நீள்வட்டப் படம்தான். விர்ஜீனிய மாநாட்டின் வரலாற்றை எழுதிய ஹியூ பிளேர் கிரிக்ஸ்பி இந்தச் சிக்கலை நேரில் கண்டவர். 1856 குளிர்காலத்தில் பிலடெல்பியாவில் பிராங்க்ளினின் முதிய பேத்தி ஒருவர் வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்ததாக அவர் அடிக்குறிப்பு எழுதியிருக்கிறார். மன்னர்கள் தரும் பொடிச்சிமிழ்களின் மூடியில் இருக்கும் படத்தின் அளவே இதற்கும் இருந்ததால், ஒரு காலத்தில் இது சிமிழோடு இணைந்திருக்கக்கூடும், சிமிழ் காலப்போக்கில் தொலைந்தோ எவருக்கேனும் போயோ இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார். ஊகம் நியாயமானதே. ஆனால் பிரெஞ்சு அரசவை வழக்கத்தில், அடியில் சிமிழ் இல்லாத ‘படப்பெட்டி’யும் இருந்தது. பிராங்க்ளினுக்கு வந்தது அத்தகையதாகவே இருந்தால், தொலைந்துபோன சிமிழைத் தேட வேண்டியதே இல்லை. டீனுக்கும் லீக்கும் வந்த சிமிழ்களின் சாயல் பிராங்க்ளினின் படத்தின் மீதும் படிந்து, மூன்றும் ஒன்றாகிவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

தந்தை சொல்லும் மகள் கணக்கும்

ரிச்மண்டில் ராண்டால்ஃப் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசிச் சரியாக ஒரு மாதம் கழித்து, 1788 ஜூலை 17ஆம் நாள், பிராங்க்ளின் பிலடெல்பியாவில் உயில் எழுதினார். 408 வைரங்கள் பதித்த மன்னரின் படத்தை மகள் சாரா பேச்சுக்கு விட்டார். கூடவே ஒரு வேண்டுகோள். வைரங்களைக் கழற்றித் தனக்கோ தன் பெண்மக்களுக்கோ நகையாக்கிக்கொள்ளக் கூடாது. நகை அணியும் வீணான, செலவு மிகுந்த பழக்கத்தை இந்த நாட்டில் நுழைக்கக் கூடாது. படத்தை ஒட்டியிருக்கும் கற்களைப் படத்தோடே காத்துவைக்க வேண்டும்.

இதைத் தத்துவமாக மட்டும் படித்தால் பாதிதான் புரியும். இது தந்தைக்கும் மகளுக்கும் இடையே பத்தாண்டாக நடந்துவந்த ஒரு பூசலின் கடைசிச் சொல். சாலி என்று வீட்டில் அழைக்கப்பட்ட சாரா 1779இல் பாரிசில் இருந்த தந்தைக்கு எழுதி, சரிகைப் பின்னலும் இறகுகளும் ஊசிகளும் வேண்டும் என்று கேட்டாள். ஜார்ஜ் வாஷிங்டனும் வந்துபோகும் விருந்துகள் பிலடெல்பியாவில் நடந்துகொண்டிருந்த காலம். போர் நடக்கும்போது இறகு கேட்கிறாயா என்று சினந்தார் தந்தை. ஸ்ட்ராபெரிப் பழத்தில் உப்புப் போட்டதுபோல அது தமக்குக் கரித்ததாக எழுதினார். முகம் நிலாவைப்போல் பரவிவிட்டது என்று பெருமைப்பட்டதும் அதே கடிதத்தில்தான். தன் முகம் சிமிழ் மூடியில் ஏறுவதில் குறை காணாதவர், மகள் தலையில் இறகு ஏறுவதில் குறை கண்டார்.

சாலி அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிடக்கூடியவள் அல்ல. 1780இல் எஸ்தர் ரீட் தொடங்கிய பெண்கள் நிதித் திரட்டு, அவர் இறந்ததும் சாலியின் பொறுப்புக்கு வந்தது. திரட்டிய பணத்தில் துணி வாங்கி, பெண்களே தைத்து, வாஷிங்டனின் சிப்பாய்களுக்கு 2,000க்கு மேற்பட்ட சட்டைகள் அனுப்பினார்கள். ஒவ்வொரு சட்டையிலும் தைத்தவள் பெயர் இருந்தது. பிரெஞ்சுப் பிரபு சாஸ்தெல்யூ அவள் வீட்டில் அந்தச் சட்டைகளைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்.

உயிலில் மற்றவர்களுக்குப் போனதைப் பார்த்தாலும் பிராங்க்ளினின் மனப்போக்கு தெரியும். போரில் பிரிட்டன் பக்கம் நின்ற மகன் வில்லியமுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நீ எனக்கு எதிராக நடந்துகொண்டது ஊருக்கே தெரியும் என்று காரணமும் எழுதிவைத்தார். மருமகன் ரிச்சர்ட் பேச்சின் கடனைத் தள்ளினார். அவர் வைத்திருந்த பாப் என்ற அடிமையை விடுவிக்கும்படி கேட்டுக்கொண்டார். பொன்பூண் போட்ட காட்டு ஆப்பிள் மரக் கைத்தடி வாஷிங்டனுக்குப் போனது. பரம்பரைப் பெருமையைக் கேலி செய்து 1784இல் சாலிக்கே நீளமாக எழுதியவர், குடும்பத்துக்கு விட்ட மிக விலை உயர்ந்த கைப்பொருள் ஒரு பரம்பரை மன்னரின் முகம். இந்த முரண் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கற்களின் எண்ணிக்கையைச் சரியாகக் குறித்த கை, அவற்றின் விலையையும் அறிந்திருக்கும்.

1790 ஏப்ரல் 17இல் பிராங்க்ளின் இறந்தார். 1792இல் சாலியும் ரிச்சர்டும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள். நாற்பத்தெட்டு வயது வரை கடல் தாண்டாதவள், தந்தை பல ஆண்டு வாழ்ந்த ஐரோப்பாவைப் பார்க்கப் போனாள். செலவுக்குப் பணம், மன்னர் படத்தின் வெளிவரிசை வைரங்களை விற்றதிலிருந்து வந்தது. உயிலை மீறினாளா? நகையாக்காதே என்றுதான் தந்தை எழுதினார், விற்காதே என்று எழுதவில்லை. படத்தை ஒட்டிய கற்களைக் காப்பாற்று என்றார். வெளிவரிசை அதில் சேராது என்று ஒரு வக்கீல் வாதாடலாம். மகள் அந்த இடைவெளியில் நேராக நடந்துபோனாள். இறகு கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவளுக்கு இதில் ஒரு திருப்தி இருந்திருக்கும் என்று நினைப்பது வரலாற்று முறைக்கு அப்பாற்பட்டது. ஆனாலும் நினைக்கத் தோன்றுகிறது.

அவர்கள் அங்கே இருந்தபோதே பிரான்சில் முடியாட்சி ஒழிந்தது. 1793 ஜனவரி 21இல் லூயியின் தலை துண்டிக்கப்பட்டது. பிலடெல்பியாவில் சாலியின் மூத்த மகன் பெஞ்சமின் பிராங்க்ளின் பேச், தாத்தா கற்றுத்தந்த அச்சுத் தொழிலில் ‘அரோரா’ பத்திரிகை நடத்தி, பிரெஞ்சுப் புரட்சிக்குத் தீவிர ஆதரவு திரட்டினார். 1798இல் அரசை அவதூறு செய்ததாகக் கைதாகி, விசாரணைக்கு முன்பே மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். ஒரே குடும்பத்தில் ஒரு பக்கம் வெட்டுண்ட மன்னரின் வைரப்படம், மறுபக்கம் அந்த வெட்டை நியாயப்படுத்தும் அச்சுக்கூடம்.

சாலி 1808இல் இறந்த பின் படம் சந்ததியாரிடம் தலைமுறைகளைக் கடந்தது. எஞ்சிய வைரங்களும் ஒவ்வொன்றாக அகன்றன. இப்போது அது பிலடெல்பியாவில், பிராங்க்ளின் 1743இல், சாலி பிறந்த அதே ஆண்டில், தொடங்கிவைத்த அமெரிக்கத் தத்துவச் சங்கத்தின் சேகரிப்பில் இருக்கிறது. 408 வைரங்களில் அதில் மிஞ்சியது ஒன்று.

இசைவின் பின்கதை

பிராங்க்ளினுக்கு அடுத்துப் பாரிசில் தூதராக இருந்தவர் தாமஸ் ஜெபர்சன். அவருக்கும் வழக்கப்படி லூயியின் வைரப்படம் காத்திருந்தது. அரசவையில் தூதர்களை அறிமுகம் செய்யும் அதிகாரிகளுக்கு அவர் பதிலுக்குப் பரிசு தர வேண்டும் என்பதும் வழக்கம். ஜெபர்சன் தேர்ந்த வழி விசித்திரமானது. பாரிசில் இருந்த தம் செயலர் வில்லியம் ஷார்ட்டிடம் படத்தை வாங்கச் சொல்லி, வைரங்களைக் கழற்றி ரகசியமாக விற்கச் செய்து, அந்தப் பணத்தில் தாம் தர வேண்டிய பரிசுகளின் செலவை ஈடுகட்டினார். காங்கிரசிடம் கேட்கவில்லை. ஆனால் திரும்பிச் செல்லும் அயல்நாட்டுத் தூதர்களுக்கு அமெரிக்கா வைரம் கொடுக்காமல் பதக்கம் கொடுக்கட்டும் என்று 1790இல் ஏற்பாடு செய்தவரும் அவரே. கேட்டுப் பெற்ற பிராங்க்ளின் பெயரில் ஊழல் கதை நிலைத்தது. கேட்காமல் விற்ற ஜெபர்சன் பெயரில் அப்படி ஒன்றும் நிலைக்கவில்லை.

இசைவு என்ற வாசல் எப்போதும் திறந்திருக்கவும் இல்லை. லண்டனிலும் ஸ்பெயினிலும் தூதராக இருந்து திரும்பிய தாமஸ் பிங்க்னி, மன்னர்கள் தந்த விடைப் பரிசுகளைப் பெற 1798இல் அனுமதி கேட்டார். செனட் சம்மதித்தது, கீழவை மறுத்தது. மறுத்த பின், அவருடைய நேர்மையில் ஐயம் இல்லை என்று தனியே ஒரு தீர்மானமும் போட்டது. 1966இல் காங்கிரஸ் ஒரு பொதுச் சட்டம் இயற்றி, குறைந்த மதிப்புள்ள பரிசுகளுக்கு முன்கூட்டியே இசைவு தந்துவிட்டது. விலை உயர்ந்தவை நாட்டின் சொத்தாகக் கணக்கில் சேரும்.

சட்டப் பேராசிரியர் செபர் டீச்அவுட் 2014இல் அமெரிக்க ஊழலின் வரலாற்றை எழுதியபோது நூலின் துணைத்தலைப்பிலேயே பிராங்க்ளினின் சிமிழை வைத்தார். மூன்று ஆண்டில் அந்த விதி நீதிமன்றம் ஏறியது. குடியரசுத் தலைவர் டொனால்டு டிரம்பின் ஓட்டல்களில் அயல்நாட்டு அரசுகள் தங்கிச் செலவிடும் பணம் இந்தத் தடைக்குள் வருமா என்று 2017இல் வழக்குகள் தொடுக்கப்பட்டன. டீச்அவுட்டும் வழக்காடிய தரப்பில் ஒருவர். வாதங்களில் டீனும் லீயும் ஜேயின் குதிரையும் மறுபடி எழுந்து வந்தார்கள். 2021 ஜனவரியில், டிரம்ப் முதல் முறை பதவியை விட்டு இறங்கிய சில நாளில், வழக்குக்கு இனிப் பொருளில்லை என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. ஓட்டல் அறைக்குக் கட்டும் வாடகை பரிசா, ஊதியமா, வெறும் வியாபாரமா என்ற கேள்விக்குத் தீர்ப்பு வரவில்லை.